தளத்தைப் புதுப்பித்த பிறகு கூகுள் தேடலில் காணாமல் போய்விட்டோம், எங்கே பார்ப்பது?

ஊசிமுனை:

வணக்கம். தையல் இயந்திரம் பழுது பார்ப்பதும் உதிரி பாகம் விற்பதும் எங்கள் தொழில். அப்பாவுக்குப் பிறகு அக்காவும் தம்பியுமாக நாங்கள் இருவர்தான் நடத்துகிறோம். ஆறு வருடமாக வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் ஒரு தளம் இருக்கிறது. விளம்பரத்துக்கு எதுவும் செலவு செய்ததில்லை. ‘மேல் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது’, ‘ஊசி அடிக்கடி உடைகிறது’ என்று ஒவ்வொரு கோளாறுக்கும் அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதி வைத்த பக்கங்கள்தான் ஆட்களைக் கொண்டுவந்தன.

தளம் பழசாகத் தெரிகிறதே என்று நான்கு மாதம் முன்பு ஒரு வடிவமைப்பாளரிடம் கொடுத்து மாற்றினோம். பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் மூன்றாவது வாரத்திலேயே அழைப்புகள் குறையத் தொடங்கின. இப்போது தேடலில் இருந்து வருபவர்கள் முன்பு வந்ததில் பாதிகூட இல்லை. முதல் பக்கத்தில் வந்துகொண்டிருந்த கோளாறுப் பக்கங்கள் எதுவும் கண்ணில் படவில்லை.

பக்கத்துக்கான தேடல் சொற்களை எழுதிவைக்கும் மெட்டா கீவேர்ட்ஸ் பகுதியை நிரப்பிப் பார்த்தேன், வாரம் ஒரு கட்டுரை போட்டுப் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை. இப்போது ஒருவர் மாதம் 500 பேக்லிங்க், அதாவது மற்ற தளங்களிலிருந்து எங்கள் தளத்துக்கு லிங்க், போட்டுத் தருகிறேன், மூன்று மாதத்தில் முதலிடம் உறுதி என்கிறார். தம்பி சரி என்கிறான், எனக்கு மனசு ஒப்பவில்லை. பணம் கட்டலாமா?

பழைய வலைவாசி:

கட்ட வேண்டாம், சகோதரி. முதலிடம் உறுதி என்று யாராலும் சொல்ல முடியாது என்பதைக் கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. தரவரிசைக்காகக் காசு கொடுத்து லிங்க் வாங்குவது அதன் ஸ்பேம் விதிகளுக்கு விரோதம். 2012 ஏப்ரலில் கூகுள் தேடலில் பெங்குவின் என்ற மாற்றம் வந்ததே இந்த மாதிரி லிங்க்குகளைக் குறிவைத்துத்தான். மெட்டா கீவேர்ட்ஸைத் தரவரிசைக்கு எடுத்துக்கொள்வதில்லை என்று 2009லேயே கூகுள் அறிவித்துவிட்டது, அதில் இனி நேரத்தைப் போடாதீர்கள்.

ஆறு வருடம் நன்றாக ஓடிய தளம் திடீரென்று விழுந்தால், புதிதாக என்ன சேர்ப்பது என்று யோசிப்பதைவிட எதை இழந்தோம் என்று பார்ப்பதுதான் முறை. மூன்று விஷயம் சொல்லுங்கள். வேர்ட்பிரஸ் செட்டிங்ஸில் ரீடிங் பகுதியில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று சொல்லும் ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அதில் டிக் இருக்கிறதா? தளத்தைக் கட்டும்போது டிக் போட்டுவிட்டு எடுக்க மறந்துவிடுவார்கள். அப்புறம், பக்கங்களின் முகவரி மாறியதா? தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் பக்கங்கள் பட்டியலிடப்படாததற்கு என்ன காரணம் காட்டுகிறது?

ஊசிமுனை:

டிக் இல்லை. முகவரி எல்லாமே மாறிவிட்டது. முன்பு கோளாறுக்கு ஒரு பக்கமாக 23 பக்கம் இருந்தது. அத்தனையையும் சுருக்கி ‘சேவைகள்’ என்ற ஒரே பக்கத்தில் டேப் டேப்பாக வைத்துவிட்டார். ஆனால் பழைய முகவரியை அடித்தால் முகப்புப் பக்கம் திறக்கிறது, அதனால் அதில் பிரச்சினை இல்லை என்று நினைத்தேன். சர்ச் கன்சோலில் ‘சாஃப்ட் 404’ என்று ஒரு வரி இருக்கிறது, பக்கத்தில் 23 என்று எண்.

பழைய வலைவாசி:

நீங்கள் தேடிய காரணம் அந்த 23தான்.

ஊசி ஏன் உடைகிறது என்று தேடி வந்தவரை முகப்பில் கொண்டுபோய் விட்டால் அவருக்குப் பதில் கிடைக்காது. கூகுளும் அதைப் பக்கம் இடம் மாறியதாக எடுத்துக்கொள்ளாமல், பக்கமே இல்லை என்று எடுத்துக்கொள்கிறது. சாஃப்ட் 404 என்பதற்கு அதுதான் பொருள். ஆறு வருடத்தில் அந்தப் பக்கங்களுக்கு மற்ற தளங்கள் கொடுத்த லிங்க்குகளின் பலனும் அதோடு போய்விட்டது. 500 லிங்க் வாங்குவதைவிட, சொந்தமாகச் சம்பாதித்ததை மீட்பது முக்கியம்.

பழைய முகவரிகளைச் சர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கையிலிருந்து எடுக்கலாம். அது முதலில் மூன்று மாதம்தான் காட்டும், கால அளவை 16 மாதமாக மாற்றுங்கள். பக்கங்கள் டேப்பில் கிளிக் அதிகம் வந்ததிலிருந்து வரிசையாக வரும், அப்படியே ஷீட்டில் இறக்கிக்கொள்ளுங்கள். வேர்ட்பிரஸ்ஸில் குப்பைக்குப் போன பக்கம் வழக்கமாக 30 நாளில் அழிந்துவிடும். உங்களிடம் பேக்கப் இல்லையென்றால் பழைய வலைப்பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பழைய முகவரியைப் போட்டுப் பாருங்கள், அப்பா சொன்னது அங்கே அப்படியே இருக்க வாய்ப்புண்டு.

முடிந்தால் அதே பழைய முகவரியிலேயே பக்கத்தைத் திரும்ப வையுங்கள், அதுதான் சுலபம். முடியாவிட்டால் பழையது ஒவ்வொன்றையும் அதே விஷயத்தைச் சொல்லும் புதிய பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் செய்யுங்கள், அதாவது முகவரி நிரந்தரமாக மாறிவிட்டது என்று சொல்லித் திருப்பிவிடுங்கள். மொத்தமாக முகப்புக்கு அனுப்பும் வேலை மட்டும் கூடாது. குறைந்தது ஒரு வருடமாவது ரீடைரக்ட் இருக்கட்டும், எடுக்காமலே விட்டாலும் நஷ்டமில்லை. தளத்துக்குள் இருக்கும் லிங்க்குகளையும், பக்கங்களின் பட்டியலான சைட்மேப்பையும் புது முகவரிக்கு மாற்றிவிடுங்கள்.

வேகமானி:

ஒன்றைச் சேர்க்கிறேன். முகப்பில் பெரிய ஸ்லைடர் படங்கள் வைத்திருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். முக்கியப் படமோ எழுத்தோ 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவு, அதுவும் வருகைகளில் நான்கில் மூன்றுக்காவது. மொபைலில் பார்ப்பதைத்தான் கூகுள் கணக்கில் எடுக்கிறது.

பழைய வலைவாசி:

வேகம் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் இல்லாத பக்கத்தை எவ்வளவு வேகமாகக் காட்டினாலும் அது தேடலில் வராது. முதலில் பக்கங்கள் திரும்பட்டும், படங்களைச் சுருக்குவது அடுத்த வாரத்து வேலை.

ஊசிமுனை:

ஒரு சந்தேகம். டேப்புக்குள் ஒளிந்திருப்பதைக் கூகுள் படிக்காது என்கிறார்களே, அதுதான் காரணமோ?

நூலிழை:

பக்கத்தின் மூலக் குறியீடான ஹெச்டிஎம்எல்லில் இருந்தால் டேப்புக்குள் இருப்பதையும் படிக்கும், அக்கா. சிக்கல் வேறு. 23 கேள்விக்கும் சேர்த்து ஒரே பக்கம், அதற்கு ‘சேவைகள்’ என்று ஒரே தலைப்பு. யாரும் ‘சேவைகள்’ என்று தேட மாட்டார்கள். ‘துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சிக்குகிறது’ என்றுதான் தேடுவார்கள். அந்தப் பேச்சையே டைட்டிலாக வையுங்கள்.

நானும் வீட்டில் தைப்பவள்தான். அடியில் நூல் சிக்கினால் எல்லாரும் அடி நூல் சுற்றிய பாபினைத்தான் கழற்றிப் பார்ப்போம். பெரும்பாலும் குறை மேல் நூலில் இருக்கும். அழுத்தும் பாதத்தைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டே நூல் கோத்தால், மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இறுக மூடியிருக்கும், நூல் நடுவில் போய் உட்காராது. பாதத்தைத் தூக்கிவிட்டு மறுபடி கோத்தால் சரியாகிவிடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு தளத்தின் பக்கம்தான், அதில் தட்டுக்கு இடையே நூல் நிற்கும் ஒரு படம் இருந்தது. ‘தரமான சேவை, நியாயமான கட்டணம்’ என்று எத்தனை பத்தி எழுதினாலும் அந்த ஒரு படத்துக்கு ஈடாகாது. உங்கள் மேசையில் தினமும் அந்த மாதிரி இயந்திரங்கள் வருகின்றன. கையில் இருக்கும் மொபைலில் எடுத்த படமே போதும்.

ஊசிமுனை:

ஏழு வாரம் கழித்து வருகிறேன். வேபேக் மெஷினில் 23இல் 20 பக்கம் கிடைத்தது. படிக்கும்போது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலவே இருந்தது. பழைய முகவரிகளிலேயே திரும்ப வைத்துவிட்டோம். மீதி மூன்றையும் தம்பி புதிதாக எழுதினான், டென்ஷன் தட்டுப் படமும் எடுத்துப் போட்டான். பேக்லிங்க் ஆளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

மேல் நூல் பக்கம் நான்காவது வாரம் திரும்ப வந்தது. இப்போது 17 பக்கம் பட்டியலில் இருக்கிறது, அழைப்புகளும் மெல்லக் கூடுகின்றன. மிச்சம் ஆறு பக்கத்தைச் சர்ச் கன்சோலின் யுஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் பார்த்தால், கேனானிக்கல் என்ற இடத்தில் ‘சேவைகள்’ பக்கத்தின் முகவரி இருக்கிறது. இது என்ன?

பழைய வலைவாசி:

நல்ல செய்தி. கேனானிக்கல் என்பது, ஒரே மாதிரிப் பக்கங்களில் இதுதான் மூலப் பக்கம் என்று தளம் கூகுளுக்குச் சொல்லும் குறிப்பு. அந்த ஆறும் தங்களுக்கு மூலம் ‘சேவைகள்’ பக்கம் என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன. வேர்ட்பிரஸ்ஸில் தேடல் அமைப்புகளுக்கான எஸ்இஓ பிளகின் வைத்திருந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் எடிட் செய்யும் இடத்தில் அட்வான்ஸ்டு பகுதியைத் திறந்து பாருங்கள், அங்கே கையால் எழுதப்பட்ட முகவரி இருந்தால் அழித்துவிட்டுச் சேமியுங்கள். ‘சேவைகள்’ பக்கத்தில் அதே வரிகள் இன்னும் இருந்தால் அவற்றையும் எடுத்துவிட்டு, அந்தந்தப் பக்கத்துக்கு ஒரு வரியும் லிங்க்கும் மட்டும் கொடுங்கள். பிறகு இன்ஸ்பெக்ஷனிலேயே மறுபடி பட்டியலிடக் கோருங்கள்.

ஊசிமுனை:

ஆமாம், ஆறிலும் அங்கே ‘சேவைகள்’ முகவரிதான் இருந்தது. அழித்துவிட்டேன். ஊசி உடையும் பக்கத்துக்கு இப்போதுதான் கோரிக்கை அனுப்பினேன், மற்ற ஐந்தையும் தம்பி பார்த்துக்கொண்டிருக்கிறான்.