பொருள்: உள்ளே ‘நிகராக்கல்’, வெளியே ‘ஈடுசெய்தல்’

[சாட்ஸ்வர்த், டர்பன்]

அனைவருக்கும் வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலின் பன்மட்ட இன்வெர்ட்டர் (பல படிகளில் மின்னழுத்தம் தரும் கருவி) பகுதியில் ‘சமன்செய்தல்’ என்ற சொல் இரண்டு வேலை பார்க்கிறது. எர்மெலோ – ரிச்சர்ட்ஸ் பே நிலக்கரி ரயில்பாதையின் 25 கிலோவோல்ட் மின்சாரம் ஒருமுனைச் சுமை. அது மும்முனை மின்தொகுப்பை (grid) ஒருபக்கம் சாய்க்கும். இத்தகைய சாய்வைச் சரிக்கட்ட ஸ்டாட்காம் (தொகுப்பைச் சீர்செய்யும் இன்வெர்ட்டர்) எதிர்வரிசை மின்னோட்டம் (முனைகளின் வரிசை தலைகீழானது) செலுத்தினால், அதன் உள்ளே ஒரு முனையின் (phase) மின்தேக்கிகளில் மின்னழுத்தம் ஏறும், இன்னொன்றில் இறங்கும். ஒரு மின்தேக்கியும் அதன் சுவிட்சுகளும் சேர்ந்ததே ஒரு கலம். “தொகுப்பைச் சமன்செய்தால் கலங்களின் சமன் குலையும்” என்று எழுதினால் படிப்பவர் எதைப் பிடித்துக்கொள்வார்? தொகுப்புக்கு ‘ஈடுசெய்தல்’, மின்தேக்கிகளுக்கு ‘நிகராக்கல்’ என்று பிரிப்போம்.

[பீனிக்ஸ், டர்பன்]

அண்ணா, பிரிப்பது சரி. ஆனால் நிகராக்கலும் ஒன்றல்ல. கலங்களின் மொத்தச் சராசரியைக் காப்பது, இழப்புக்கு ஈடாகத் தொகுப்பிலிருந்து கொஞ்சம் மெய்த்திறன் (active power) இழுப்பதுதான். அதை ‘அழுத்தப் பேணல்’ என்றால் போதும். முனைகளுக்கு இடையே திறனை நகர்த்துவது ‘முனை நிகராக்கல்’: ஸ்டார் இணைப்பில் சுழிவரிசை மின்னழுத்தம் (மூன்று முனைக்கும் பொதுவானது) சேர்ப்போம், டெல்டாவில் உள்ளே சுற்றும் மின்னோட்டம் விடுவோம். ஒரே முனையின் கலங்களுக்குள் நடப்பது ‘கல நிகராக்கல்’. இதற்கு மின்னோட்டம் வேண்டும். ஈடுசெய்யும் மின்னோட்டம் பூச்சியத்தை நெருங்கினால் கட்டுப்பாட்டுக்குப் பிடி இல்லாமல் போய், கசிவு வேறுபாட்டால் கலங்கள் ஆளுக்கொரு பக்கம் நகரும். சிறிதளவு மறிவினை மின்னோட்டத்தை (reactive current) ஓடவிடுவதே வழக்கமான மருந்து.

பட்டியலில் ‘அழுத்த உணர்தல்’ (கல மின்னழுத்தத்தை அளப்பது) பதிவிலும் இரண்டு வரி சேருங்கள். 50 ஹெர்ட்ஸ் தொகுப்பில் கல மின்தேக்கியின் அழுத்தம் 100 ஹெர்ட்ஸில் அலையும். 10 மில்லிநொடிச் சராசரி எடுக்காவிட்டால் கட்டுப்பாடு அலையைத் துரத்தும். அதனால் முனை மின்னழுத்தத்தில் 150 ஹெர்ட்ஸ் சீரிசை (harmonic) கூடும். மற்றது, உணர்வி 2% குறைத்துக் காட்டினால், 1000 வோல்ட் கலம் உண்மையில் 1020-ஐத் தாண்டி நிற்கும். திரையில் எல்லாம் நிகராகவே தெரியும்! இந்தப் பிழையை நிகராக்கல் ஒருபோதும் கண்டுபிடிக்காது.

[சாட்ஸ்வர்த்]

தம்பி, அதற்குத்தான் ‘படிவழி உணர்தல்’ என்றொரு சொல்லும் தேவை. ஐந்து கலம் தொடராக இருந்தால் 11 மட்டம். ஒரு கலம் மட்டும் மாறும்போது வெளியீடு எகிறும் படியின் உயரமே அந்தக் கலத்தின் அழுத்தம். முனைக்கு ஓர் உணர்வி போதும். கல உணர்விகளைச் சரிபார்க்கவும் உதவும். மாறியவுடனே மாதிரி எடுக்கக்கூடாது, இடைநேரமும் (சுவிட்சுகள் மாறும்போது விடும் சிறு இடைவெளி) அதிர்வும் அடங்கட்டும். இரண்டு கலங்கள் ஒன்றாக மாறினால் அந்த மாதிரியைத் தள்ளிவிட வேண்டும்.

[பீனிக்ஸ்]

படிவழி நன்று. ‘நிகராக்கல்’ மட்டும் ‘நிகர லாபம்’ எழுதுகிற கணக்கர்களுக்கு உறுத்தலாம். உறுத்தட்டும், ‘ஒப்பாக்கல்’ என்ற மாற்றுச் சொல் எனக்குக் காதில் ஏறவில்லை. ‘மட்டம்’ என்பதை ‘நிலை’ என்று மாற்றச் சொன்னவர்கள் காரணம் எழுதட்டும். சுவிட்சின் திறந்த, மூடிய நிலைகளுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது.