சிறப்புக் கல்வியில் முதுகலை: படித்தவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான், சிறப்புக் கல்வி வகுப்பு எடுக்கிறேன். ஒரு பையன், மணி அடித்தாலே காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுவான். பட அட்டையைக் காட்டித் தண்ணீர் கேட்கப் பழக்கினோம். இப்போது தானே எடுத்து நீட்டுகிறான்! அவன் அம்மாவுக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை. கோலாலம்பூர் வரை தெரபிக்குக் கூட்டிப்போக வசதியில்லை. அதனால்தான் நானே முறையாகப் படிக்க நினைக்கிறேன்.

தஞ்சோங் மாலிமில் இருக்கும் உப்சி பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்வி முதுகலை இருக்கிறது. ஆனால் எனக்கு ஏபிஏ என்ற நடத்தைப் பகுப்பாய்வும் சேர்த்து வேண்டும். இரண்டும் சேர்ந்த படிப்பைச் சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இணையவழி நடத்துகின்றன. சிக்கல் என்னவென்றால், நடத்தைப் பகுப்பாய்வாளர்களுக்கான பிசிபிஏ சான்றிதழைத் தரும் அமெரிக்க வாரியம் 2023 முதல் மலேசியாவில் இருப்பவர்களிடம் புது விண்ணப்பம் வாங்குவதில்லை. சேர நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைக் கவனியுங்கள்.

வேலை பார்த்துக்கொண்டே இப்படிப் படித்தவர்கள் இருக்கிறீர்களா? பிசிபிஏவுக்குப் பதிலாக, ஐபிஏஓ என்ற பன்னாட்டு அமைப்பின் நடத்தைப் பகுப்பாய்வுச் சான்றிதழ் எடுத்தவர்கள்? மேற்பார்வையில் செய்யவேண்டிய பயிற்சி நேரத்தை ஈப்போ பக்கம் எங்கே முடிக்கலாம்? வெளிநாட்டுப் பட்டத்தைப் பற்றி எம்கியூஏ என்ற மலேசியத் தகுதி முகமையிடம் விசாரித்தவர்கள், இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதிப் பணத்தில் கட்டணம் கட்டியவர்கள் இருந்தால், அக்கா, அண்ணன், தயவுசெய்து இங்கேயே எழுதுங்கள். மற்ற ஆசிரியர்களுக்கும் உதவும்.