இழை: ‘டிஃபர்ட் அட்ஜுடிகேஷன்’ – கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்குள்)

க.:
வணக்கம். டெக்சஸில் முதல்முறையாகச் சிறுகுற்ற வழக்கில் மாட்டுவோருக்கான தமிழ்க் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்தான் பாக்கி. கடையில் 100 டாலரிலிருந்து 750க்குள் பொருள் திருடியதாக வழக்கு என்று வையுங்கள். அது பி வகுப்புச் சிறுகுற்றம். 180 நாள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) குற்றத்தை ஒப்புக்கொள்கிறார், அல்லது ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் ‘நோலோ’ சொல்கிறார். நீதிபதி அதை ஏற்றும், ‘குற்றவாளி’ என்று முடிவுகட்டாமல் நிபந்தனையோடு கண்காணிப்பில் விடுகிறார். சிறுகுற்றத்துக்கு இந்தக் கண்காணிப்பின் உச்சம் 2 ஆண்டு. ஒழுங்காக முடித்தால் வழக்கு தள்ளுபடி. இந்த ஏற்பாட்டுக்குத்தான் அங்கே ‘டிஃபர்ட் அட்ஜுடிகேஷன்’ என்று பெயர். ‘ஒத்திவைத்த தீர்ப்பு’ என்று எழுதியிருக்கிறேன். போதுமா?

ம.:
போதாது, ஆபத்தும்கூட. நம் நாளிதழ்களில் ‘தீர்ப்பு ஒத்திவைப்பு’ என்றால் வாதம் முடிந்தது, இன்னொரு நாள் தீர்ப்பு வரும் என்று பொருள். படிப்பவர் அடுத்த வாய்தாவுக்குக் காத்திருப்பார். ‘தண்டனை நிறுத்திவைப்பு’ம் உதவாது, அங்கே குற்றவாளி என்ற முடிவு முன்பே வந்திருக்கும். ‘குற்றத் தீர்மான ஒத்திவைப்பு’ என்று போடுங்கள்.

செ.:
தீர்மானம் வடமொழி வால் ஒட்டிய சொல். ‘ஓர்ந்துகண் ணோடாது’ குறளில் (541) ‘தேர்ந்துசெய் வஃதே முறை’ என்கிறார் வள்ளுவர். தேர்தல் என்றால் ஆராய்ந்து தெளிதல். ஆகவே ‘தேர்முடிபு நிறுத்தம்’.

ப.:
ஐயா, தேர்முடிபு என்றால் திருவாரூர்த் தேர் நிலைக்கு வந்துவிட்டது என்பார்கள். கட்டுமானம், செரிமானம், பிடிமானம் வரிசையில்தான் தீர்மானமும் நிற்கிறது. என் தயக்கம் வேறு: அந்தச் சொல்லைக் கேட்டதும் சட்டமன்றம்தான் நினைவுக்கு வருகிறது.

செ.:
செரிமானத்தை நான் ‘செரிப்பு’ என்றே எழுதுவேன்.

ர.:
இந்தியாவில் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 1958 இருக்கிறதே! ‘நன்னடத்தை விடுவிப்பு’ என்றால் எல்லாருக்கும் புரியும்.

ம.:
புரியும், தப்பாக. அந்தச் சட்டத்தின் 3, 4 பிரிவுகளில் முதலில் ‘குற்றவாளி’ என்று முடிவாகிறது. பிறகுதான் கண்டித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விடுகிறார்கள். டெக்சஸில் அந்த முடிவுதான் நிறுத்தப்படுகிறது. ‘விடுவிப்பு’ இன்னும் மோசம். நிபந்தனையை மீறினால் நீதிபதி அதை விசாரித்து, குற்றவாளி என்று அறிவித்து 180 நாளும் கொடுக்கலாம். நன்றாக முடித்தாலும் பி வகுப்பில் பதிவு அழியாது. பொதுப் பார்வையிலிருந்து மறைக்க மட்டுமே வழியுண்டு.

ஹெச்-1பி வேலை விசா, பச்சை அட்டைக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய பள்ளம் இருக்கிறது. குற்ற ஒப்புதலோ நோலோவோ கொடுத்து, அதன்மேல் கட்டுப்பாடும் விதிக்கப்பட்டால், கூட்டரசுக் குடிவரவுச் சட்டம் அதைத் தண்டனைத் தீர்ப்பாகவே எண்ணுகிறது. டெக்சஸ் வழக்கைத் தள்ளுபடி செய்தாலும் அதில் மாற்றமில்லை. எனவே சொல்லில் ஆறுதல் வாடையே இருக்கக் கூடாது.

க.:
அப்படியானால் ப்ரீட்ரயல் டைவர்ஷன், அதாவது விசாரணைக்கு முன்பே வழக்கை வேறு வழியில் முடிப்பது? ‘திசைதிருப்பல்’ என்றிருக்கிறேன்.

ப.:
ஐயோ! அது வழக்கைத் திசைதிருப்பிய குற்றமாகிவிடும். ‘விசாரணைக்கு முந்தைய மாற்றுவழி’ போதும். அரசு வழக்கறிஞர் இசைந்தால்தான் கிடைக்கும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நீதிபதிமுன் ஒப்புதல் கொடுக்காமலே முடியக்கூடியது என்பதால், குடிவரவுக் கணக்கில் இது பெரும்பாலும் பாதுகாப்பானது. ஆனால் ஒப்பந்தத்தில் எழுத்துமூல ஒப்புதல் கேட்டால் கையெழுத்துக்கு முன் குடிவரவு வழக்கறிஞரிடம் காட்ட வேண்டும்.

ர.:
நோலோவுக்கு ‘மறுக்காமை’?

ம.:
‘வழக்காடாமை’ என்பேன். அவர் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. குற்ற வழக்கில் விளைவு ஒப்புதலுக்குச் சமம். உரிமையியல் வழக்கில் மட்டும் அதை ஒப்புதலாகக் காட்ட முடியாது.

செ.:
வழக்கு என்பதற்கே மரபு என்ற பொருளும் உண்டு. உலக வழக்கு, செய்யுள் வழக்கு...

க.:
ஐயா, அதற்குத் தனி இழை தொடங்கலாம். ம. சொன்ன பக்கம் சாய்ந்து ‘குற்றத் தீர்மான ஒத்திவைப்பு’ என்றே அனுப்புகிறேன். அடைப்புக்குறிக்குள் ‘டிஃபர்ட் அட்ஜுடிகேஷன்’ தமிழ் எழுத்தில் இருக்கும். நீதிமன்றத்தில் அவர் காதில் விழப்போவது அதுதானே. கீழே தடித்த எழுத்தில் குடிவரவு எச்சரிக்கை.

செ.:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். ‘குற்றத்’ என்று வலி மிகுவதையாவது அச்சில் விட்டுவிடாதீர்கள்.