மீசையில்லாத மாப்பிள்ளை: அனிமே கமிஷன் வரைகிறவர்களின் அனுபவங்கள்

குழித்துறையிலிருந்து

குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு அனிமே என்ற ஜப்பான் கார்ட்டூன் பாணியில் கமிஷன் வரைகிறவர்கள், அதாவது பிறர் கேட்கும் படத்தைக் காசுக்கு வரைந்து கொடுப்பவர்கள், எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர் இருக்கிறோம். ஒருவரும் ஓவியக் கல்லூரிப் பக்கம் போனதில்லை. வாடிக்கையாளர்களிடம் பட்டதை ஆளுக்குக் கொஞ்சம் எழுதுவோம் என்று எங்களுக்குள் பேச்சு வந்தது. யாராவது தொடங்க வேண்டுமே, நானே தொடங்குகிறேன்.

படித்தது பி.காம். வரையப் பழகியது போனில், ஐபிஸ் பெயின்ட் என்ற வரையும் செயலியில், விரலால். முதல் ஆறு மாதம் கண் மட்டும்தான் வரைந்திருப்பேன். கை வரைய வராது என்பதால் என் பாத்திரங்கள் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்கள். முதல் கமிஷன் ஒரு சிபி, அதாவது இரண்டரைத் தலை உயரக் குட்டி உருவம், 10 டாலர். வெளிநாட்டுப் பணம் வாங்கும் பேபாலில் அதை வாங்க பான் எண், பணம் எதற்கு வருகிறது என்று சொல்லும் பர்ப்பஸ் கோட் என்று இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். படம் வரையக்கூட அவ்வளவு யோசிக்கவில்லை.

கேட்பவர்கள் அமெரிக்காவில் இருப்பதால் வேலை ராத்திரியில். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு அவர் இறங்கும்போதுதான் நான் படுக்கப் போவேன். ஒருநாள் வாசலில் நின்று கேட்டார்: "மக்ளே, மழை பெஞ்சா எனக்கு வெட்டு இல்ல. ஒனக்கு எப்போ வெட்டு இல்ல?" கிறிஸ்துமஸ் முடிந்தால் ஜனவரியில் ஆர்டர் படுத்துவிடும் என்றேன். "எனக்கும் இலை உதிருத நேரம். அப்போ ரெண்டு பேரும் ஒண்ணா சும்மா இருப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் தொழிலை வீட்டில் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான்.

சரி, சொல்ல வந்த கதை வேறு. தக்கலைப் பக்கம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஷார்ஜாவில் வேலை, அனிமே பைத்தியம். வரவேற்பு வாசலில் வைக்க இரண்டு பேரையும் அனிமேயாக வரைந்து ஃபிளெக்ஸ் அடிக்க வேண்டும் என்றார். ஸ்கெட்ச் அனுப்பினேன். அவர் அதைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டார். அரை மணி நேரத்தில் அவருடைய மாமி கூப்பிட்டார்.

"பிள்ளே, படம் கொள்ளாம். ஆனா இது யாரு?"

"மாப்பிள்ளைதான் மாமி."

"மீசை எங்க?"

அனிமேயில் இளைஞனுக்கு மீசை வருவது அபூர்வம். இருந்தால் அவன் வில்லனாக இருப்பான், இல்லாவிட்டால் யாருக்காவது அப்பாவாக இருப்பான். நான் பார்த்துப் பார்த்துப் பழகிய முகங்களில் மூக்கே ஒரு புள்ளிதான். மூக்கு இல்லாத முகத்தில் மீசையை எங்கே கொண்டுபோய் வைப்பது? கோடாகப் போட்டேன், மாப்பிள்ளைக்கு 45 வயது ஆகிவிட்டது. முடி முடியாக இழுத்தேன், போலீஸ் ஏட்டு மாதிரி வந்தது. இரண்டு ராத்திரி போன பிறகு வழி தெரிந்தது. வெளிக்கோடு கூடாது. தோல் நிறத்தைவிட இரண்டு படி இருண்ட பழுப்பை மல்டிப்ளை லேயரில், அதாவது கீழே உள்ள நிறத்தை இருட்டாக்கும் அடுக்கில், நிழல் போலப் பரப்பி, உதட்டோரம் மட்டும் கூராக முடிக்க வேண்டும். அதோடு மூக்குக்குக் கீழே ஒரு சின்ன நிழல். அந்த நிழல் விழுந்த பிறகுதான் மீசை முகத்தில் உட்கார்ந்தது. அதுவரை முகத்துக்கு முன்னால் மிதந்துகொண்டிருந்தது.

அடுத்தது சேலை. கிறிஸ்தவக் கல்யாணம், வெள்ளைச் சேலை, தலையில் நெட். செல் ஷேடிங் என்பது செல்லுலாய்டு தாளில் பெயின்ட் அடித்த காலத்திலிருந்து வந்த முறை. வெளிச்சத்துக்கு ஒரு நிறம், நிழலுக்கு ஒரு நிறம், இடையில் கலப்பே கிடையாது. வெள்ளைத் துணியின் நிழலுக்கு நீலம் போடுவதுதான் நான் பழகிய வழக்கம், அப்படியே போட்டேன். மறுபடியும் மாமி. "சேலை ஏன் நீலமா இருக்கு? நாங்க எடுத்தது வெள்ளைல்லா?" வெளிச்சம், நிழல் என்று பெரிய விளக்கம் கொடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் செரி பிள்ளே, கல்யாணத்துக்கு வாறவங்களுக்கு நீ வாசல்ல நின்னு இதச் சொல்லுவியா?" என்றார். நிழலை இளஞ்சந்தன நிறத்துக்கு மாற்றினேன். நகையின் பொன் நிறத்தோடு அது சேர்ந்த அழகு நீலத்தில் இருந்ததில்லை என்பதை மாமியிடம் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

எனக்கு நிஜமாகவே சுருக்கென்று தைத்தது மணப்பெண் அனுப்பிய ஒரு வரிதான்: "அக்கா, நான் இந்த நிறம் இல்ல." என் கலர் பேலட்டைத் திறந்து பார்த்தேன். தோலுக்கு ஒன்பது நிறம் வைத்திருந்தேன், ஒன்பதும் ரோஜாப்பூ நிறம். என் நிறமே அதில் இல்லை! பழுப்புத் தோலுக்கு நிழலாகக் கறுப்பைக் கலந்தால் சாம்பல் பூத்த மாதிரி ஆகிறது, செம்மையை ஏற்றினால்தான் உயிர் வருகிறது என்பதை அந்தப் பெண்ணின் போட்டோவை வைத்துத்தான் கற்றேன்.

கடைசி அடி ஃபிளெக்ஸ் கடையில் விழுந்தது. 6 அடி அகலத்தை 72 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 72 புள்ளி வைத்து, அச்சிட்டாலே 5184 பிக்சல் வேண்டும். நான் வரைந்து வைத்திருந்தது இன்ஸ்டா அளவு, 1080. கடன் வாங்கிய லேப்டாப்பில் கோடுகள் முழுவதையும் மறுபடி இழுத்தேன்.

மொத்தம் 11 நாள், கிடைத்தது 3,500 ரூபாய். கணக்குப் பார்த்தால் நஷ்டம். ஆனால் அந்தப் படத்தை மாதிரிப் பக்கத்தில் போட்ட பிறகு, பழுப்பு நிறமும் மீசையுமாகத் தன் பாத்திரத்தை வரையச் சொல்லி வெளிநாட்டிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். "யாரிடம் கேட்டாலும் வெளுப்பாக்கி விடுகிறார்கள்" என்றார் ஒருவர்.

நாகர்கோவிலிலிருந்து

என்னிடம் ஒருவர் படத்தை வாங்கிக்கொண்டு, "இது ஏஐ, விரல் சரியில்லை" என்றார். விரல் சரியில்லாதது உண்மைதான், அதை வரைந்தது நான் என்பதும் உண்மை. நான் வரையும் கிளிப் ஸ்டுடியோ மென்பொருளில், வரைவதை வீடியோவாகப் பிடிக்கும் டைம்லாப்ஸ் பதிவை ஆன் செய்ய மறந்திருந்தேன். வேறு வழியில்லாமல் லேயரோடு முழு ஃபைலையும் அனுப்பினேன். லேயர் பெயரெல்லாம் தமிழில், "முடி கீழ", "முடி மேல", "இந்தக் கை வெளங்காது" என்று இருந்தது. அவர் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். இப்போது டைம்லாப்ஸ் எப்போதும் ஆன். லேயர் பெயரைத் திருத்தவில்லை.

குளச்சலிலிருந்து

எனக்கு டிஜிட்டல் தவிர ஒன்றும் தெரியாது. போன வருடம் ஒரு விசைப்படகுக்காரர், மகன் ஆசைப்படுகிறான் என்று கேபினில் அனிமேப் பெண் ஒன்று வரையச் சொன்னார். நம் பக்கம் மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, படகுக்குப் பெயின்ட் அடிப்பதெல்லாம் அப்போதுதான். அது கொட்டுகிற மழைக்காலம் என்பது ஒத்துக்கொண்ட பிறகுதான் உறைத்தது. தார்ப்பாய் கட்டி, எனாமல் பெயின்ட்டில், ஒரு கண் முடிக்கவே ஒரு நாள். தப்பான கோடு விழுந்ததும் என் இடது கை தானாக, கம்ப்யூட்டரில் செய்ததைத் திரும்பப் பெறும் கன்ட்ரோல் இசட்டைத் தேடும். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். "கண்ணு இம்மாம் பெரிசா?" என்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "நல்லதுதான், மீனு தூரத்துலயே தெரியும்."

மார்த்தாண்டத்திலிருந்து

குழித்துறை அக்கா, அட்வான்ஸ் எவ்வளவு வாங்குகிறீர்கள்? ஸ்கெட்சுக்கு அப்புறம் திருத்தம் கேட்டால்?

குழித்துறையிலிருந்து

பாதி முன்பணம், மீதி முழு அளவு ஃபைல் கொடுக்கும் முன். 120 டாலர் படத்தை வாங்கிக்கொண்டு, கிடைக்கவே இல்லை என்று புகார் போட்டு ஒருவர் பணத்தைத் திரும்ப எடுத்த பிறகு இந்த வழக்கம். முடிந்த படத்தையும் முதலில் சின்ன அளவில், குறுக்கே பெயர் போட்டுத்தான் காட்டுவேன். ஸ்கெப் என்ற ஜப்பான் தளத்தில் வரையச் சொன்னவர் திருத்தமே கேட்கக் கூடாது என்பது விதி. நம்மூரில் அது நடக்காது, மாமிகள் இருக்கிறார்கள். ஸ்கெட்சில் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றித் தருவேன், லைன் ஆர்ட், அதாவது இறுதிக் கோடு, முடிந்த பிறகு என்றால் தனிக் காசு. ஆர்டர் எடுக்கும்போதே கேட்டுவிடு: மீசை உண்டா, சேலை என்ன நிறம், வீட்டில் கடைசியாகப் பார்த்துச் சரி சொல்வது யார்.

மீசைக்குக் கூடுதலாக வாங்குவதில்லை. வெள்ளைச் சேலைக்கு 200.