192-க்கு ஏற்றினால் தவில் இடத்தில் கரகரப்பு, ஏற்றாவிட்டால் 48 காட்டுகிறது. உதவி தேவை

குளிர்காது:
வணக்கம். கோத்தகிரியில் இருக்கிறேன். அப்பா சேர்த்து வைத்த சிடிகளில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்ததால் எல்லாவற்றையும் ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கிய) கோப்புகளாக்கி லேப்டாப்பில் ஏற்றிவிட்டேன். விண்டோஸ், ஃபூபார் 2000 பிளேயர், யுஎஸ்பி டிஏசி (டிஜிட்டல் எண்களை ஒலி சிக்னலாக்கும் பெட்டி), பழைய ஆம்ப்ளிஃபையர்.

ஆசைப்பட்டு ரீசாம்பிளர் (நொடிக்கு எத்தனை மாதிரி என்பதை மாற்றும் வசதி) போட்டு சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸை 192 ஆக்கி, எக்ஸ்க்ளூசிவ் முறையில் (விண்டோஸ் மிக்சரைத் தொடாமல் நேராக டிஏசிக்கு) ஓட்டினேன். நாகஸ்வரக் கச்சேரியில் தவில் ஓங்கி விழும்போதெல்லாம் கரகரவென்று ஒரு பொரியல். இரண்டையும் நிறுத்திச் சாதாரண அவுட்புட்டில் விட்டால் சுத்தமாக இருக்கிறது, ஆனால் டிஏசி 48 என்கிறது! சிடி 44.1 தானே? இங்கே பத்து நாளாக ஐப்பசி மழை, வோல்டேஜும் ஏறி இறங்குகிறது. அதனாலா?

ரயிலடி:
குன்னூரிலும் அதே கதைதான். முதலில் ஒரு ஸ்டெபிலைசர் வாங்குங்க. டிஏசி பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்க.

பழைய டேப்பு:
ரயிலடி அண்ணா, பொட்டலம் நல்லதுதான், சிடி டப்பாவுக்குள் போடலாம். ஆனால் ஈரம் தவில் எப்போது அடிக்கும் என்று பார்த்துக்கொண்டு வருவதில்லை.

குளிர்காது, ஒன்று சொல்லுங்க. பாட்டைத் திருப்பிப் போட்டால் அதே நொடியில் கரகரக்கிறதா, இல்லை இடம் மாறுகிறதா?

குளிர்காது:
அச்சு மாறாமல் அதே இடம். 3 நிமிடம் 12-வது நொடி, நாலு தடவை பார்த்தேன்.

பழைய டேப்பு:
அப்போ பஃபர் (ஒலியை முன்கூட்டியே தேக்கும் இடம்) காலியாகும் சிக்கல் இல்லை, பிராசஸர் திணறலும் இல்லை. அவை வந்தால் இஷ்டத்துக்கு வரும், மெல்லிய ஆலாபனையில்கூட சடக்கென்று வெட்டும். இது உச்சி வெட்டுப்படுவது.

சத்தமாக மாஸ்டர் செய்த சிடியில் மாதிரிகள் (அலையை நொடிக்குப் பல முறை அளந்த எண்கள்) கூரையை, அதாவது எழுதக்கூடிய உச்ச எண்ணை, தொட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் உண்மையான அலை இரண்டு மாதிரிகளுக்கு நடுவில் அதையும் தாண்டி வளைந்து போகலாம். 11.025 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை மாதிரிகள் உச்சியைத் தவறவிடும்படி எடுத்தால் 3 டெசிபல் வரை மறைந்திருக்கும். நீங்கள் 192-க்கு ஏற்றும்போது ரீசாம்பிளர் அந்த மறைந்த உச்சியைக் கணக்காகப் போட்டுக் காட்டுகிறது. அதை வைக்க மேலே இடமில்லை, எக்ஸ்க்ளூசிவ் வழியில் தடுக்க ஆளும் இல்லை. மொட்டையாக வெட்டிவிடும்.

ஃபூபாரில் ரீபிளேகெயின் (ஒலி அளவைச் சமன்செய்யும் வசதி) பக்கத்தில் ப்ரீஆம்பை −4 டெசிபல் வையுங்க. அது ரீசாம்பிளருக்கு முன்னால் குறைக்கும். ஆம்ப் குமிழைத் திருகிப் பயனில்லை, வெட்டுப்பட்டதை மெதுவாகக் கேட்பீர்கள், அவ்வளவுதான்.

48 விஷயம்: சாதாரண அவுட்புட்டில் விண்டோஸ் மிக்சர் எல்லாவற்றையும் தன் அமைப்பில் உள்ள ஒரே ரேட்டுக்கு மாற்றித்தான் அனுப்பும். அதாவது நீங்கள் ஒரிஜினல் என்று இத்தனை நாள் கேட்டதும் மாற்றப்பட்டதே. எக்ஸ்க்ளூசிவை அப்படியே வைத்துக்கொண்டு ரீசாம்பிளரை மட்டும் நீக்குங்க.

ரயிலடி:
சரி, ஒத்துக்கிறேன். 192-ல் விவரம் கூடாதா அப்போ?

பழைய டேப்பு:
44.1-ல் 22.05 கிலோஹெர்ட்ஸ் வரைதான் பதிவு இருக்கிறது. நல்ல இளங்காதே 20-க்கு மேல் கேட்காது. ஏற்றினால் இல்லாதது வராது. பெரும்பாலான டிஏசிகள் உள்ளேயே பல மடங்கு ஏற்றித்தான் ஃபில்டர் செய்கின்றன. அந்த வேலையை லேப்டாப்பில் செய்தால் ஃபில்டர் மட்டும் உங்கள் தேர்வாகும். சில பழைய டிஏசிகளில் அது காதுக்குத் தெரியலாம். ஏற்றியே தீருவேன் என்றால் 176.4 சரியாக 4 மடங்கு. ஆனால் நல்ல ரீசாம்பிளருக்கு 192-ம் பாரமில்லை.

(44.1 என்ற கோணல் எண் வீடியோ டேப் காலத்து மிச்சம். நொடிக்கு 60 புலம் (வீடியோவின் அரைப் படம்), புலத்துக்கு 245 வரி, வரிக்கு 3 மாதிரி. பெருக்கிப் பாருங்க.)

ஒப்பிடும்போது இரண்டுக்கும் −4 வையுங்க. கொஞ்சம் கூடுதல் சத்தம் எப்போதும் நல்ல ஒலி மாதிரி ஏமாற்றும்.

குளிர்காது:
செய்தேன். 3:12-ல் சுத்தம். ரீசாம்பிளர் இல்லாமல் எக்ஸ்க்ளூசிவ் வைத்ததும் டிஏசியில் முதல்முறையாக 44.1 எரிந்தது.

மனைவியைத் திரும்பி உட்காரச் சொல்லி 44.1, 192 என்று மாற்றி மாற்றிப் பத்து முறை போட்டேன். ஐந்துக்குப் பிறகு, "தகரத்தில் மழை விழுவது நிற்கட்டும், அப்புறம் கேளுங்க" என்று எழுந்து போய்விட்டாள். இப்போதைக்கு 44.1-லேயே விட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு சிடியில் மட்டும் −4 வைத்தும், ஏற்றாமலும் அதே கரகரப்பு.

பழைய டேப்பு:
அது மாஸ்டரிங்கிலேயே வெட்டுப்பட்டிருக்கலாம், பூஞ்சையால் தப்பாகப் படித்திருக்கவும் வாய்ப்புண்டு. தட்டைத் துடைத்து இன்னொரு டிரைவில் திரும்ப எடுத்துப் பாருங்க.