பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரைக் கழிக்கும்போது ஃபார்மட் செய்தால் போதுமா?

கணக்குப்பிள்ளை:
சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனி. 35 டெஸ்க்டாப்களைக் கழிக்கிறோம். ஊழியர் ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண், சம்பளப் பட்டியல் எல்லாம் அதில் இருந்தவை. பாதி ஹார்ட் டிஸ்க், பாதி எஸ்எஸ்டி (மெமரி சிப்பில் சேமிக்கும் டிரைவ்). மூன்று டிரைவுக்கு உயிரே இல்லை. காயலான் கடைக்காரர் மொத்தமாகக் கேட்கிறார். ஃபார்மட் அடித்துக் கொடுத்தால் சட்டப்படி சரியா?

வழக்குமன்றம்:
சரியில்லை சார். இப்போதைக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு இருக்கிறது. வங்கி விவரம், பாஸ்வேர்டு போன்றவை உங்கள் அலட்சியத்தால் கசிந்து ஒருவருக்கு நஷ்டம் வந்தால் இழப்பீடு தர வேண்டும். அதற்கு உச்சவரம்பு கிடையாது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்தாயிற்று. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே முதல். பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அழிக்கும் வேலையை வெளியாளிடம் விட்டாலும் பொறுப்பு உங்கள் தலையில்தான்.

அவசரப்பட்டு எல்லாவற்றையும் அழித்துவிடவும் வேண்டாம். கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்கள் 8 நிதியாண்டுக்கு இருக்க வேண்டும். முதலில் பேக்கப், அதைத் திறந்து பார்த்துச் சரிபார்ப்பு, பிறகே அழிப்பு.

டிஸ்க்வைத்தியர்:
குயிக் ஃபார்மட் என்பது புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பது. பக்கங்கள் அப்படியே இருக்கும். இலவச ரெக்கவரி மென்பொருளே எடுத்துவிடும்.

ஹார்ட் டிஸ்க்குக்கு என்வைப் (nwipe) என்ற டிஸ்க் அழிக்கும் மென்பொருளில் ஒரே ஒரு முறை பூஜ்யம் எழுதி, சரிபார்ப்பையும் ஓடவிடுங்கள். 35 முறை எழுத வேண்டும் என்பது பழங்கதை. விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் 1 டிபி டிஸ்க்குக்கு எழுத மட்டும் ஏறத்தாழ 2 மணி நேரம்.

எஸ்எஸ்டியில் இது பலிக்காது. தேய்மானத்தைப் பரப்புவதற்காக கன்ட்ரோலர் (டிரைவை நடத்தும் சிப்) வேறு இடத்தில் எழுதிவிடும், பழையது உள்ளேயே ஒளிந்திருக்கும். டிரைவ் சாட்டா (SATA) இணைப்பு வகை என்றால் அதற்குள்ளேயே இருக்கும் செக்யூர் எரேஸ் என்ற அழிப்புக் கட்டளை, என்விஎம்இ (NVMe) வகை என்றால் அதன் ஃபார்மட் கட்டளையில் எஸ்இஎஸ் (SES) என்ற அழிப்பு அமைப்பை 1 அல்லது 2 என்று வையுங்கள். டிரைவ் 'ஃப்ரோசன்' (பூட்டிய நிலை) என்று சொல்லிக் கட்டளையை மறுத்தால் கம்ப்யூட்டரை ஸ்லீப்பில் போட்டு எழுப்புங்கள், பெரும்பாலும் விடும். டிரைவை வெளியே எடுத்து யுஎஸ்பி பெட்டியில் மாட்டிச் செய்யாதீர்கள். பல பெட்டிகள் கட்டளையைக் கடத்தாது. செக்யூர் எரேஸுக்கு முன் டிரைவுக்கு ஒரு பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் டிரைவ் பூட்டிக்கொள்ளும், அந்தப் பாஸ்வேர்டை எழுதி வைத்திருங்கள்.

கணக்குப்பிள்ளை:
நன்றி சார். செத்த மூன்றையும் காந்தம் வைத்து அழிக்கலாமா?

டிஸ்க்வைத்தியர்:
வீட்டுக் காந்தம் எதற்கும் உதவாது. டீகாஸர் என்ற வலுவான காந்தப்புலத்தால் அழிக்கும் இயந்திரம் ஹார்ட் டிஸ்க்குக்கு மட்டும். எஸ்எஸ்டி காந்தத்தில் இயங்குவதே இல்லை. அதில் ஒரு ஓட்டை போட்டாலும் பக்கத்துச் சிப் முழுசாகத் தப்பிக்கும். ஒவ்வொரு மெமரி சிப்பும் உடைய வேண்டும். உங்கள் கண்முன் துண்டாக்கித் தருபவரிடம் கொடுங்கள்.

வழக்குமன்றம்:
மின்கழிவு விதிகள் 2022இன்படி, ஒரு நிதியாண்டில் 1000 சாதனங்களுக்குக் குறையாமல் பயன்படுத்தினால்தான் நீங்கள் பெருநுகர்வோர், அதாவது மின்கழிவைப் பதிவுபெற்றவரிடம் மட்டுமே தர வேண்டியவர். ஆனாலும் காயலான் கடை வேண்டாம், பதிவுபெற்ற மறுசுழற்சியாளரே நல்லது. அவர் தரும் ரசீது மின்கழிவுக்கானது, தரவு அழிந்ததற்குச் சான்று அல்ல. அதற்குத் தனிப் பதிவேடு வேண்டும்: டிஸ்க்கின் சீரியல் எண், முறை, தேதி, செய்தவர், சரிபார்த்தவர் கையெழுத்து. கேபினட்டில் ஒட்டிய சொத்து எண்ணை மட்டும் எழுதாதீர்கள். ஒரே பெட்டியில் இரண்டு டிஸ்க் இருக்கும், மதர்போர்டில் ஹீட்சிங்க்குக்குக் (சூடு தணிக்கும் உலோகத் தகடு) கீழே விரல் நீள எம்.2 எஸ்எஸ்டி ஒன்று ஒளிந்திருக்கும். ஜெராக்ஸ் மெஷினையும் சேர்த்துக் கழிக்கிறீர்களா? பெரிய மாடல்களுக்குள் ஹார்ட் டிஸ்க் உண்டு.