88 சதவீதம் தொழிலாளியின் தவறாம்: யார் எண்ணிப் பார்த்தது?

தூக்குகுண்டு:
பக்கத்து இழையில் ஒரு நண்பர் இப்படி எழுதியிருக்கிறார்: "கட்டுமான விபத்துகளில் 88 சதவீதம் தொழிலாளியின் கவனக்குறைவால் வருபவை. இது ஆராய்ச்சியில் நிரூபணமானது. பயிற்சி கொடுத்தால் போதும்." கீழே வரிசையாகப் பாராட்டுகள் வேறு. படித்ததும் எரிச்சல் தாங்கவில்லை, அதனால்தான் தனி இழை.

அந்த 88 ஹைன்ரிக் சொன்னது. டிராவலர்ஸ் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர், 1931-ல் வந்த அவருடைய புத்தகத்தில் இருக்கிறது. 75,000 விபத்துகளைப் பார்த்தாராம். 12,000 காப்பீட்டுக் கோப்புகளிலிருந்து, மீதி 63,000 ஆலை முதலாளிகளின் பதிவேடுகளிலிருந்து. 88 சதவீதம் ஆளின் செயல், 10 சதவீதம் இடத்தின் அல்லது எந்திரத்தின் கோளாறு, 2 சதவீதம் தவிர்க்க முடியாதது. முதலாளியின் பதிவேட்டில் "முதலாளி தடுப்பு போடவில்லை" என்று எந்த ஃபோர்மேன் எழுதுவான்? இதை 'நிரூபணம்' என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

மைல்கல்:
அந்த "ஒரு நண்பர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம்.

ஹைன்ரிக் பழசு என்றால் சரி, புதுசுக்கு வாருங்கள். பிரிட்டனில் ஹாஸ்லமும் அவர் குழுவும் 100 கட்டுமான விபத்துகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2005-ல் வெளியிட்டார்கள். 70 சதவீத விபத்துகளில் தொழிலாளி அல்லது வேலைக்குழுவின் பங்கு இருந்தது. எண்பத்தெட்டு எழுபது ஆனால் என் வாதம் விழுந்துவிடுமா? பெரிய பெரிய கட்டடங்களை முடித்து ஒப்படைத்தவன் நான். உயரத்திலிருந்து விழாமல் பிடிக்கும் பெல்ட்டைக் கொடுத்தால் மாட்டிக்கொள்கிறார்கள், கொக்கியை மட்டும் தொங்கவிட்டபடி நடக்கிறார்கள். ஹெல்மெட்டைக் கழற்றி அதன்மேல் உட்காருகிறார்கள். இதற்கும் மேலாளர்தான் பொறுப்பா?

தூக்குகுண்டு:
அதே கட்டுரையில் மற்ற எண்களும் இருக்கின்றன, ஐயா. அவற்றை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? வேலையிடத்தின் குறை 49 சதவீதம். கருவிகள் 56. பொருட்கள் 27. ஆபத்தை முன்கூட்டியே கணித்துத் திட்டமிடாதது 84! முதலிடம் அதற்குத்தான். அது யாருடைய வேலை? கொத்தனாருடையதா, உங்களுடையதா?

இன்னொன்றையும் கவனியுங்கள். 70, 49, 56, 27, 84 எல்லாவற்றையும் கூட்டினால் 286. ஒரே விபத்துக்குப் பல காரணங்கள் இருக்கும் என்று ஹாஸ்லம் ஒத்துக்கொள்கிறார். ஹைன்ரிக்கிடம் 88, 10, 2 கூட்டினால் கச்சிதமாக 100. அதாவது ஒரு விபத்துக்கு ஒரே ஒரு காரணம். அந்த ஒன்று யார் தலையில் விழும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

ஈரச்சிமெண்ட்:
கொக்கியைத் தொங்கவிட்டபடி நடக்கிறார்கள் என்கிறீர்களே மைல்கல், அதை எதில் மாட்டச் சொல்கிறீர்கள்? ஸ்லாப் ஓரத்தில் ஷட்டரிங் (கான்கிரீட் ஊற்றும் அச்சுப் பலகை) அடிக்கும் ஆளுக்குத் தலைக்கு மேல் வானம்தான். பக்கத்தில் இருப்பது தூணிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, அதையும் கட்டுக்கம்பியால் சுற்றி வைத்திருக்கிறார்கள். அதில் மாட்டிவிட்டு விழுந்தால் கம்பியோடுதான் கீழே போவான். அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிப்படி, கொக்கியை மாட்ட ஒரு ஆளுக்கு 5,000 பவுண்டு தாங்கும் நங்கூரம் வேண்டும். எத்தனை சைட்டில் பார்த்திருக்கிறீர்கள்?

அப்புறம் முதல் மாடியில் பெல்ட் கொடுத்துப் பயனே இல்லை. பெல்ட்டையும் கொக்கியையும் இணைக்கும் கயிறான லேன்யார்டு 1.8 மீட்டர், ஷாக் அப்சார்பர் விரிந்தால் இன்னும் ஒரு மீட்டருக்கு மேல், அதோடு ஆளின் உயரம். காலடியில் மாட்டியிருந்தால் இன்னும் மோசம். பெல்ட் இழுத்துப் பிடிப்பதற்குள் தரை வந்துவிடும். அங்கே வேண்டியது ஓரத் தடுப்பு.

மைல்கல்:
கொக்கி மாட்டும் லைஃப்லைன் கயிற்றைக் கட்டுவது சேஃப்டி ஆபீசர் வேலை. என் வேலை கால அட்டவணை, செலவு, தரம்.

தூக்குகுண்டு கூட்டல் கணக்கில் கெட்டிக்காரர், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்வி அப்படியே இருக்கிறது. 88 தவறு என்றால் சரியான எண் என்ன? ஒரு எண் சொல்லுங்கள், பார்ப்போம்.

தூக்குகுண்டு:
உங்கள் வேலை கால அட்டவணையா? ஒரே தளத்தில் மேலே கம்பி கட்டும் ஆட்களையும் கீழே பூச்சு வேலை ஆட்களையும் ஒரே நாளில் போட்டது எந்த அட்டவணை? மேலிருந்து ஒரு ஸ்பேனர் விழுந்தால் அறிக்கையில் "கவனக்குறைவு". அந்த இரண்டு வேலையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கை எந்த 88-லும் வராது.

எண் கேட்கிறீர்கள். ஒரே காரணம் என்று நினைத்தால்தானே ஒரே எண் வேண்டும்? பாதுகாப்பு வல்லுநர் ஃப்ரெட் மானுவேல் ஹைன்ரிக்கின் மூலக் கோப்புகளைத் தேடிப் பார்த்தார், கிடைக்கவே இல்லை. யாராலும் சரிபார்க்க முடியாத எண்ணைத்தான் நீங்கள் நிரூபணம் என்கிறீர்கள்.

அட்டவணை பற்றி உங்களிடம் பேசுவதும் வீண். போன தடவை சிபிஎம் என்ற அட்டவணை போடும் முறையைக் கண்டுபிடித்தது அமெரிக்கக் கடற்படை என்று அடித்துப் பேசியவர்தானே?

மைல்கல்:
சிபிஎம் எங்கே வந்தது இங்கே? இன்னும் அதையே பிடித்துத் தொங்குகிறீர்களா? அதுவும் கடற்படையின் பெர்ட் அட்டவணை முறையும் ஒரே காலத்தில் வந்தவை, ஒரே வகை.

தூக்குகுண்டு:
ஒரே வகையாம்! கடற்படை 1958-ல் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்குச் செய்தது பெர்ட். சிபிஎம் டூபான்ட் நிறுவனமும் ரெமிங்டன் ராண்டும் சேர்ந்து செய்தது. அதையே ஒழுங்காகப் படிக்காதவர் 88-ஐ மட்டும் ஒழுங்காகப் படித்திருப்பார் என்று நாங்கள் நம்ப வேண்டும்.

ஆணிவேர்:
இரண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். அமெரிக்காவில் 224 கட்டுமான மரணங்களை பெஹ்ம் என்பவர் ஆராய்ந்தார், அதுவும் 2005-ல்தான். 42 சதவீத மரணங்களுக்கு வடிவமைப்போடு தொடர்பு இருந்தது. கூரையில் வெளிச்சத்துக்கு விட்ட திறப்பைச் சுற்றிக் கைப்பிடிச் சுவரை வரைபடத்திலேயே வைத்திருந்தால் அங்கே விழ வழியே இல்லை. சைட்டுக்கு ஆள் வருவதற்கு முன்பே பாதி முடிவாகிவிடுகிறது. பிரிட்டனில் 1995-லிருந்தே வடிவமைப்பாளருக்கும் சட்டப்படி பொறுப்பு உண்டு.

மைல்கல்:
பாருங்கள், 42-தான் வடிவமைப்பு. மீதி 58?

தூக்குகுண்டு:
மறுபடியும் நூறிலிருந்து கழிக்கிறார்! 286 என்று மேலே எழுதியது கண்ணில் படவில்லையா? 88, 10, 2 மட்டும்தான் நூறு.

ஆணிவேர்:
நான் எழுதியது கட்டடக் கலைஞர்களைப் பற்றி. அதைப் பற்றி ஒருவரும் பேசமாட்டீர்கள், இல்லையா? வரைபடம் போடுபவர்கள் இங்கேயும் நிறையப் பேர் இருக்கிறார்கள், எல்லாரும் மௌனம்.

சாரக்கம்பு:
சாரம் கட்டுகிறவன் நான், மேஸ்திரியாக இருக்கிறேன். படிப்பு பற்றித் தெரியாது, படிவம் பற்றித் தெரியும். ஒரு வேலையில் பலகை சறுக்கி என் ஆள் ஒருவன் விழப்போனான், குறுக்குக் கழியைப் பிடித்துத் தப்பினான். பலகையின் முனையைக் கட்டியிருக்கவில்லை, கட்டக் கயிறு கேட்டு முந்தின நாளே சொல்லியிருந்தோம். படிவம் வந்தது. 'காரணம்' என்ற கட்டத்தில் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று முன்கூட்டியே டைப் அடித்திருந்தது. கையெழுத்துக்கு மட்டும்தான் இடம் விட்டிருந்தார்கள். உங்கள் 88 இப்படித்தான் வருகிறது, மைல்கல் சார்.

மைல்கல்:
அது அந்த காண்ட்ராக்டரின் தவறு. ஒரு படிவத்தை வைத்து எல்லா ஆராய்ச்சியையும் தள்ளிவிட முடியுமா, தம்பி?

சாரக்கம்பு:
தம்பி என்று கூப்பிடாதீர்கள். உங்களைவிட மூத்தவனாக இருப்பேன்.

ஈரச்சிமெண்ட்:
63,000 படிவங்களும் அதே மாதிரி வந்திருந்தால்?

தூக்குகுண்டு:
அதைத்தான் முதல் பதிவிலேயே கேட்டேன், ஈரச்சிமெண்ட். பதில் வரவில்லை. ஒன்று விழுந்தால் அடுத்ததும் விழும் கட்டைகளாக விபத்தை விளக்கிய ஹைன்ரிக்கின் டோமினோ வரிசையில் மூன்றாவது கட்டை என்ன என்று மைல்கல் சொல்லட்டும். ஆளின் செயலும் எந்திர ஆபத்தும் இரண்டும் அந்த ஒரே கட்டையில் இருக்கின்றன. அவர் பெயரைச் சொல்லிப் பிழைப்பவர்கள் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

நெறியாளர்:
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். சிபிஎம் பற்றிப் பேசுவதென்றால் வேறு இழை தொடங்குங்கள்.

மைல்கல்:
நான் தாக்கவில்லை, தாக்கியது யார் என்று மேலே படித்தால் தெரியும். என் ஆட்களுக்குத் தினமும் காலையில் டூல்பாக்ஸ் மீட்டிங் (வேலைக்கு முன் பாதுகாப்புப் பேச்சு) நடத்துகிறேன். சொல்வதைக் கேட்டவன் பத்திரமாக வீட்டுக்குப் போகிறான், கேட்காதவன் விழுகிறான். அதை 88 என்று சொன்னாலும் 70 என்று சொன்னாலும் பெரும்பான்மை பெரும்பான்மைதான்.

தூக்குகுண்டு:
84 எந்தப் பெரும்பான்மை? அதை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.

மைல்கல்:
சரியான எண்ணை நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

தூக்குகுண்டு:
எண்பத்து நான்கு. மூன்றாவது பதிவில் இருக்கிறது, படியுங்கள்.